பைக்கு அடியில்

ஆனி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் குலசேகரத்திலிருந்து சித்தி போனில் கூப்பிட்டாள். "மக்கா, வெண்டைத் தைய எல்லாம் ராத்திரி எவனோ அருவாள வச்சு அரிஞ்சிட்டுப் போன மாதிரில்லா இருக்கு. ஒண்ணுலயும் குருத்து இல்ல பாத்துக்கோ."

சித்தியின் மட்டுப்பாவில் பதினெட்டுப் பைகள் உண்டு. மொட்டை மாடிக்கு எங்கள் பக்கத்தில் மட்டுப்பா என்றுதான் பெயர். மானியத்தில் கிடைத்த குரோபேக் ஆறு, மற்றவை கடையில் வாங்கியவை. மீன் வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டிகள் நாலில் தண்டங்கீரை. மாசியிலும் பங்குனியிலும் எல்லாம் தளதளவென்று வந்தன. பயத்தங்காய் வீட்டுக்குப் போக அயலுக்கும் கொடுக்கும் அளவுக்குக் காய்த்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் இந்தப் போன்.

அன்று இரவே போனேன். ஒன்பதரை மணிக்கு மழை விட்டது. டார்ச் அடித்துக்கொண்டு மேலே ஏறினோம். ஒரு கத்தரிச் செடியின் தண்டில் ஓடில்லா நத்தை ஒன்று, கீரைப் பெட்டியின் விளிம்பில் மூன்று, தரையில் வெள்ளி இழை இழுத்தாற்போல் தடங்கள். எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு சேதத்துக்கு இது போதாதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சித்தி ஒரு பையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். கீழே ஒரு குடும்பமே இருந்தது. கறுத்த, தட்டையான, தோல் செருப்பின் துண்டு போன்ற உடல்கள். நீர் வடியும் துளைக்குள் பாதி நுழைந்தபடி ஒன்று. பக்கத்தில் பசைபோல ஒட்டிய முட்டைக் கொத்து. அடுத்த பைக்கு அடியிலும் அதே காட்சி.

நத்தைகள் இரவில் தோட்டத்திலிருந்து மாடியேறி வந்து தின்றுவிட்டுப் போகின்றன என்றுதான் அதுவரை சித்தி நம்பியிருந்தாள். அதனால் படிக்கட்டில் சாம்பல் தூவினாள், குழாய் வழியை அடைத்தாள். அவை எங்கிருந்தும் வரவில்லை. அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்ததே நாம்தான். அந்த வீட்டைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தாமாக விளங்கும்.

முதலில் ஊரைப் பற்றி. நாஞ்சில்நாடு என்று கணக்காகச் சொன்னால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். குலசேகரம் இருக்கிற மேற்குப் பக்கம் அதில் சேராது. நத்தையின் கணக்கிலும் இந்தப் பிரிவு செல்லுபடியாகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் ஏறக்குறைய சமபங்கு வைத்துப் பெய்யும் மாவட்டம் கன்னியாகுமரி. ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே மழை ஒரே சீராக இல்லை. பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் கொட்டுவதில் பாதிகூட கன்னியாகுமரி முனையில் கிடைக்காது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. அங்கே மாடியில் செடி வைத்திருப்பவருக்குக் கவலை வேறு: காலையில் ஊற்றிய நீர் மத்தியானத்துக்குள் பறந்துவிடும், தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். நத்தை அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. முப்பது நாற்பது கிலோமீட்டர் மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, காற்று அசையாத, சுவர் வியர்க்கிற குலசேகரத்தில் அதே பையும் அதே விதையும் வேறு கதையாகிவிடுகின்றன.

காரணம் ஒற்றைச் சொல்லில் அடங்கும்: தண்ணீர். ஓடில்லா நத்தையின் உடலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அதைக் காக்க நம்மைப் போல் காய்ந்த தோல் அதற்கு இல்லை. ஓடுள்ள நத்தை வெயில் வந்தால் உள்ளே சுருண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஓடில்லாததற்கு அந்த வசதியும் கிடையாது. போதாததற்கு அது நடப்பதே தண்ணீரைச் செலவழித்துத்தான். அதன் வழுவழுப்புத் திரவம் பெரும்பாலும் நீர், மிச்சம் கொஞ்சம் புரதமும் சர்க்கரையும் பின்னிய வலை. இந்தத் திரவத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மெல்ல அழுத்தினால் கெட்டிப் பசை போல நிற்கும், ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் சட்டென்று நீராகி வழுக்கும், அழுத்தம் நின்றதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் திரும்பக் கெட்டியாகும். நத்தையின் பாதத்தில் தசை அலை அலையாக நகர்கிறது. அலை போகும் இடத்தில் பசை நீராகிறது, அலை இல்லாத இடத்தில் பசை பிடித்துக்கொள்கிறது. ஒரே காலில் ஊன்றவும் எடுத்துவைக்கவும் அதனால் முடிகிறது. செங்குத்துச் சுவரிலும் தலைகீழாகவும் போக முடிவது இதனால்தான்.

மார்க் டென்னி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1980ல் இந்த நடைக்கு ஆகும் செலவை அளந்தார். அதே எடையுள்ள, காலால் ஓடும் விலங்கு ஒன்றைவிடச் சுமார் 12 மடங்கு சக்தி நத்தைக்குச் செலவாகிறது. அந்தச் செலவில் பெரும்பகுதி நடப்பதற்கே ஆகவில்லை, வழுவழுப்பைச் சுரக்கவே ஆகிறது. இந்தக் கணக்கு தெரிந்தபிறகு அந்த வெள்ளித் தடங்களை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. சொத்தைத் தரையில் தடவிக்கொண்டே நடக்கிற பிராணி அது. அப்படிப்பட்டது தினமும் கீழ்த் தோட்டத்திலிருந்து இரண்டு மாடி ஏறி இறங்குமா? சாப்பாட்டுக்கு அரையடி தூரத்தில், இருட்டாக, ஈரமாக ஓர் இடம் கிடைத்தால் அங்கேதான் குடியிருக்கும்.

சித்தியின் பைகளுக்கு அடியில் இருந்த கறுப்பு இனத்துக்கு லேவிகாலிஸ் ஆல்டே என்று பெயர். முதுகில் நடுவே வெளிறிய ஒரு கோடு ஓடும். பாதம் மிகக் குறுகலானது, முழு வளர்ச்சி பெற்றதற்கே நாலைந்து மில்லிமீட்டர்தான். பாதம் குறுகினால் நீர் இழப்பும் குறையும். அதனால் மற்ற ஓடில்லா நத்தைகளைவிடக் கொஞ்சம் வறண்ட இடத்தையும் இது தாங்கும். நாகர்கோவிலில் சிமெண்ட் மாடிகளிலும் இது தட்டுப்படுவதற்கு இந்தப் பாதம் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி பைக்குள் போகலாம். அதில் நிரப்பியிருப்பது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. தேங்காய்க் கதம்பையிலிருந்து கயிற்றுக்கு நார் பிரித்தபின் மிஞ்சும் தூள். ஒரு காலத்தில் கயிற்றுத் தொழில் நடந்த இடங்களில் குன்று குன்றாகக் கிடந்து வீணான இந்தத் தூள் இன்று கட்டியாக அழுத்தப்பட்டு உலகம் முழுக்கப் போகிறது. தன் எடையைப் போல் பலமடங்கு நீரைப் பிடித்துவைக்கும், காற்றோட்டமும் தரும், பாரமில்லை, மாடிக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் உப்பு நீரில் ஊறிய கதம்பையின் தூளில் உப்பு தங்கியிருக்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் பயன்படுத்தினால் நாற்று கருகும்.

நீரைப் பிடித்துவைக்கும் அதே குணம் அடிப்பாகத்தில் ஒரு வேலை செய்கிறது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது சொட்டி நின்றுவிடும். இப்போது பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், நீரும் அதேதான், உயரம் மட்டும் மாறியது. நுண்ணிய இடுக்குகள் நீரை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகிற உயரம் வரைக்கும், பையின் அடியில் ஓர் அடுக்கு எப்போதும் நீர் நிறைந்தே இருக்கும், எத்தனை துளை போட்டாலும். அந்த அடுக்கின் கனம் நிரப்பிய பொருளைப் பொறுத்தது, பையின் உயரத்தைப் பொறுத்ததில்லை. ஆகவே ஓரடிப் பையில் அடிப்பாகம் மட்டும் சதுப்பாக இருக்கும்போது, அரையடி மீன் பெட்டியில் அதே சதுப்பு வேர் பரவும் இடத்தில் பெரும் பங்கைப் பிடித்துவிடும். கீரைப் பெட்டிகள் மழையில் முதலில் அழுகுவதும் நத்தை முதலில் கூடுவதும் அங்கேதான்.

இதைச் சரிசெய்யப் பலர் அடியில் சல்லியும் ஓட்டுச் சில்லும் ஓரடுக்குப் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். பலன் தலைகீழானது. நார்த்தூளின் நுண் இடுக்குகளிலிருந்து சல்லியின் பெரிய இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. சதுப்பு அடுக்கு அப்படியே சல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இடம் குறையும். சல்லிகளுக்கு இடையே இருட்டும் ஈரமுமாய் அறைகள் கிடைக்கும், நத்தைக்கு அறைவீடு. துளையில் மண் வழியாமலிருக்க ஒரு துணித்துண்டு போதும்.

கைவைத்தியங்களுக்கு வருகிறேன். முட்டைத் தோடு நொறுக்கிச் சுற்றிப் போட்டால் கூர்முனை குத்தும், நத்தை வராது என்று சொல்லாதவர் இல்லை. பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018ல் இதை ஒழுங்காகச் சோதித்தது. 108 லெட்யூஸ் கீரைச் செடிகள், சில தொட்டியில், சில மேடைப்பாத்தியில். முட்டைத் தோடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டைத் துண்டு, ஆட்டுமயிர் உருண்டை என்று ஐந்து தடைகள். தடை போட்டதிலும் போடாததிலும் சேதம் ஒரே மாதிரிதான். பசையின் மேல் மிதந்து போகும் பாதத்துக்குக் கூர்மை ஒரு பொருட்டில்லை. ஓடுள்ள நத்தைக்கோ முட்டைத் தோடு சுண்ணாம்புச் சத்து, ஓடு வளர்க்க அதற்குத் தேவைப்படும் தீனி.

உப்பு கொல்லும். மேலே விழுந்ததும் உடல் நீர் வெளியே இழுக்கப்பட்டு நத்தை சுருங்கும். ஆனால் ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிய நார்த்தூளில் திரும்ப உப்பைக் கொட்டுவது செடிக்கு வைக்கும் கொள்ளி. உப்பு வேண்டுமென்றால் அது வாளித் தண்ணீரில் இருக்கட்டும், பையில் வேண்டாம்.

காப்பிக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஹவாய்த் தீவில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் தொல்லை தரும் ஒரு தவளையை ஒழிக்கக் காஃபீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். தவளையைப் பார்க்கப் போன இடத்தில் ஓடில்லா நத்தைகள் செத்துக் கிடந்தன. 2002ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: ஒன்று முதல் இரண்டு சதவீதக் கரைசல் கொல்லும், 0.01 சதவீதம்கூடத் தின்பதைக் குறைக்கும். நாம் குடிக்கும் காப்பியில் சுமார் 0.05 சதவீதம் காஃபீன் இருக்கிறது. அப்படியானால் டிகாஷன் ஊற்றினால் நத்தை கொஞ்சம் தயங்கும், சாகாது. கொல்லும் அளவுக்குக் கூட்டினால் சில செடிகளின் இலையே கருகும். மழையில் அதுவும் ஒரே நாளில் கழுவிப் போகும்.

கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நத்தையை அளவில்லாமல் வழுவழுப்பைச் சுரக்கவைத்து வறளச் செய்யும் நஞ்சு. வெயிலில் வேலை செய்யும். மழை இரவில் மயங்கிக் கிடக்கும் நத்தை, இழந்த நீரை ஈரத் தரையிலிருந்தே உறிஞ்சி எழுந்து போய்விடும். நத்தை பெருகுகிற அதே மழைக்காலத்தில்தான் இது வலுவிழக்கிறது. நாய்கள் இதைத் தின்று சாகின்றன. பிரிட்டன் 2022 மார்ச் 31 முதல் வெளியிடங்களில் இதைத் தடைசெய்துவிட்டது. சமையலுக்குக் கிள்ளும் கீரைக்கு நடுவே இதைத் தூவ எனக்கு மனம் வராது. இரும்புப் பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது எவ்வளவோ மேல். தின்ற நத்தை உணவை நிறுத்திச் சில நாளில் செத்துப்போகும், மிச்சம் மண்ணோடு சேரும்.

பைக்கு அடியில் இருக்கும் கறுப்பு நத்தையைவிடப் பெரிய விருந்தாளி ஒன்று மதில்களில் ஏறிக்கொண்டிருக்கிறது. கையளவு வளரும் ஆப்பிரிக்க ராட்சச நத்தை. 1847ல் பென்சன் என்ற நத்தையியலாளர் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்ததைக் கல்கத்தாவில் நண்பரிடம் விட்டுச் சென்றார். நண்பர் அதைச் சௌரங்கித் தோட்டத்தில் விட்டார். இந்தியாவில் தொடக்கம் அதுதான். 1900 வாக்கில் இலங்கைக்குள் நுழைந்தது. கேரளத்தில் 1970களில் பாலக்காட்டில் தலைகாட்டி, பிறகு மாவட்டம் மாவட்டமாக இறங்கியது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அதன் பரவலைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. ஒரே ஈட்டில் நூறு, இருநூறு, சில வேளை அதற்கும் மேல் முட்டையிடும். ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதால் சேரும் இரண்டும் முட்டையிடும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டும், அதனால் வெள்ளையடித்த சுவரையும் சிமெண்ட் தொட்டியையும் சுரண்டித் தின்னும்.

இது நடந்து வரவேண்டியதில்லை. களியக்காவிளை வழியாக நாற்றுப் பண்ணைச் செடிகள் தினமும் வண்டி வண்டியாகப் போய்வருகின்றன. ஒரு செம்பருத்தித் தொட்டியின் மண்ணில் நாலைந்து மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் இருந்தால் யாருக்குத் தெரியும்? வாங்கிய செடியை மூன்று வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்த்தால், முட்டை இருந்தால் அதற்குள் பொரித்துக் குஞ்சு வெளியே வந்துவிடும்.

எந்த நத்தையையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குட்டிப் பருவம் நத்தைக்குள் வளர்கிறது. அந்தப் புழுவை 1935ல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் முதலில் கண்டார்கள். மனித உடலுக்குள் போனால் அது மூளையைத் தேடிப் போய் மூளையுறை அழற்சியை உண்டாக்கும். கேரளத்திலும் இந்த நோய் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பயப்பட வேண்டாம், கையுறை போட்டு எடுத்தால் போதும். மாடிக் கீரையையும் மல்லித்தழையையும் இலை இலையாகக் கழுவ வேண்டும், பச்சையாகத் தின்பதென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். குழந்தைகள் நத்தையை வைத்து விளையாடும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்லவேண்டும்.

அதற்காக ஊர்ந்து வரும் எல்லாவற்றையும் நசுக்கிவிடாதீர்கள். நம் மலையில், உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகள் பல உண்டு. இண்ட்ரெல்லா ஆம்புல்லா என்று ஒன்று, சிவப்பும் ஆரஞ்சுமாக உடல் மின்னும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பேச்சிப்பாறைப் பக்கம் வீடிருந்து மழைக்காலத்தில் அப்படி ஒன்று மதிலில் தென்பட்டால், அது உங்கள் வெண்டையைத் தேடி வந்ததில்லை, காட்டைத் தேடிப் போகிறது. ராட்சச நத்தையைத் தின்னட்டும் என்று 1977ல் பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியாத் தீவில் வேட்டையாடி நத்தை ஒன்றை இறக்கினார்கள். அது ராட்சச நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சின்ன மரநத்தைகளைப் பத்தே ஆண்டில் காட்டிலிருந்து துடைத்தழித்தது. நம்மூர் வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார்கள். செம்போத்து நத்தையைக் கொத்தித் தின்னும். கன்னிப்பூ நெல் அறுத்த வயலில் மேயும் தாராக் கூட்டமும் தின்னும்.

சித்தியின் மட்டுப்பாவில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பைகளை எல்லாம் இரும்புச் சட்டம் அடித்து ஒரு சாண் உயரத்தில் ஏற்றினோம். அடியில் காற்று போனதும் அந்த இருட்டு வீடு இல்லாமல் போனது, துளையிலிருந்து வடியும் நீர் தரையில் விழுந்து உலர்ந்தது. மீன் பெட்டிகளை நீக்கிவிட்டு உயரமான அரிசிச் சாக்குகளில் கீரையை மாற்றினோம். மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன். சித்திக்கு இது பிடிக்கவில்லை. "சாயங்காலம் ஊத்துனாத்தான் செடிக்குக் குளிர்ச்சி" என்றாள். சுவிட்சர்லாந்தில் லெட்யூஸ் பாத்திகளில் காலை நீரையும் மாலை நீரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காலையில் பாய்ச்சிய பாத்திகளில் நத்தைச் சேதம் வெகுவாகக் குறைந்தது. இரவில் மேற்பரப்பு உலர்ந்திருந்தால் நத்தைக்கு ஒவ்வோர் அங்குலமும் செலவு. இதைச் சொன்னதும் ஒப்புக்கொண்டாள். செலவு என்ற சொல் அவளுக்குப் புரியும்.

பிடிப்பதற்கு ஆப்பமாவு. 2021ல் வெளியான ஓர் ஆய்வில், ஹவாயிலும் வேறு இடங்களிலும் மைதா, ஈஸ்ட், தண்ணீர் கலந்து புளிக்கவைத்த ரொட்டி மாவு பலவகை நத்தைகளை இழுத்தது, ராட்சச நத்தையும் அதில் சேர்த்தி. விலை மலிவு, நஞ்சு கிடையாது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த முந்தின நாள் ஆப்பமாவு எங்கள் வீடுகளில் எப்போதும் மிஞ்சும். அதைச் சிரட்டையில் இரண்டு கரண்டி ஊற்றி, நனைந்த சாக்குத் துணியால் பாதி மூடி, மாடியின் மூலைகளில் வைத்தோம். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் அடியில் இருக்கும். இடுக்கியால் எடுத்து உப்புக் கரைத்த வாளியில் போட்டுப் பிறகு விளையில் குழி தோண்டிப் புதைத்தோம். மதிலுக்கு அப்பால் எறிவதில் பயனில்லை. தோட்ட நத்தைகள் பத்து மீட்டர் தொலைவிலிருந்தும் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுவதைப் பிரிட்டனில் ஒரு தோட்டக்காரப் பெண்மணி ஓட்டில் நகப்பூச்சு அடையாளம் வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

முதல் இரவு நாற்பத்தொன்று. மறுநாள் இருபத்தாறு. ஆடி பிறந்தபோது ஒன்று, இரண்டு. சித்தி அதைக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறாள். ஆவணியில் ஓணத்துக்கு முன் கூப்பிட்டபோது பயத்தங்காய்த் துவரன் வைத்திருப்பதாகச் சொன்னாள். அதோடு, காலையில் ஒரு சிரட்டையில் வெறும் மாவுதான் இருந்தது, சாக்குக்கு மேலே செம்போத்து எச்சம் கிடந்தது என்றாள்.